நட்ட கன்றும் முதற் கோடையும்

(ஆலய பரிபாலன சபை அறங்காவலர், ஓய்வுநிலை அரசாங்க எழுதுவினைஞர்)

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றினாலும் ஓர் ஆலயத்தின் சிறப்பை அளவிடுவது நம் முன்னோர் மரபு. இம்மூன்றோடும் தல விருட்சத்தையும் சேர்த்தே அவர்கள் போற்றி வந்தனர். சிதம்பரத்திற்குத் தில்லை, மதுரைக்குக் கடம்பு, திருவானைக்காவிற்கு வெண்ணாவல், காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மா எனத் தலந்தோறும் ஒரு மரம் உண்டு. எமது கிழக்கு மண்ணில் தான்தோன்றீஸ்வரர் வீற்றிருக்கும் கொக்கட்டிச்சோலை, கொக்கட்டி மரத்தின் பெயரையே ஊர்ப் பெயராகத் தாங்கி நிற்பதை யாவரும் அறிவர்.

தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் எமது கல்முனைக் கரையோரத்திலும் இதே நிலைதான். மருதமுனை, சாய்ந்தமருது, ஆலையடிவேம்பு என்னும் பெயர்களைச் சற்று நின்று சொல்லிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரம் நிற்கின்றது. மரத்தை அடையாளமாக வைத்தே ஊரை அழைத்த மக்களின் வழித்தோன்றல்கள் நாம்.

அத்தகைய நாம் இன்று மரம் நடுவதில் குறை வைப்பதில்லை. ஆலயத் திருவிழாவிலும், பாடசாலை விழாவிலும், பிறந்த நாளிலும், இறந்தவர் நினைவு நாளிலும் கன்றுகள் நடப்படுகின்றன. ஆயினும் மறு ஆண்டு அதே இடத்தில், அதே குழியில், வேறொரு கன்றை நடுவதையும் நாம் காண்கின்றோம். அடியேன் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாகக் கடமையாற்றிய காலத்தில் மரநடுகை பற்றிய கோவைகள் பல கைகளினூடாகச் சென்றன. நடப்பட்ட கன்றுகளின் தொகையை எழுதுவதற்கு அவற்றில் இடம் இருந்தது. ஓராண்டின் பின் உயிரோடு நிற்கும் கன்றுகளின் தொகையை எழுதுவதற்கு ஒரு கோடுதானும் இருக்கவில்லை. எங்கே கணக்கு இல்லையோ அங்கே கவனமும் இல்லாமற் போவது இயல்பே.

ஆகவே, நட்ட இளங்கன்று ஏன் துன்பப்படுகின்றது, அதற்கு நாம் எவ்வாறு துணை நிற்கலாம் என்பவற்றை எமது மண்ணுக்கும் காற்றுக்கும் ஏற்ப இக்கட்டுரையில் நோக்குவோம்.

கன்று வாடுவது ஏன்?

நாற்றுமேடையில் நிற்கும் கன்றுக்கு வாழ்வு எளிது. தினமும் நீர் கிடைக்கும். தலைக்கு மேல் நிழல் இருக்கும். சிறிய பைக்குள் வளமான மண் இருக்கும். அங்கிருந்து எடுத்து வெளியில் நட்டதும் அதன் நிலை ஒரே நாளில் மாறிவிடுகின்றது.

மரம் நீரை உறிஞ்சுவது தடித்த வேர்களினால் அன்று. வேர் நுனியை அடுத்துள்ள மிக மெல்லிய வேர்மயிர்களினாலேயே பெரும்பாலும் நீர் உள்ளே செல்கின்றது. இவை கண்ணுக்கு எளிதிற் புலப்படாதவை. கன்றைத் தூக்கும்போதும், பையைக் கிழிக்கும்போதும், மண் உதிரும்போதும் முதலில் அறுபடுபவை இவையே. வேர் வெயிலிற் சில நிமிடங்கள் கிடந்தாலும் இவை காய்ந்துவிடும். ஆனால் மேலே உள்ள இலைகளோ முன்பு போலவே ஆவியுயிர்ப்பினால் நீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலைதான் அந்தக் கன்றின் நிலையும்.

இந்நிலையிற் கன்று தன் இலைவாய்களை மூடிக்கொள்கின்றது. இலைவாய் மூடினால் நீர் இழப்புக் குறையும். அதேவேளை காற்றிலிருந்து உணவு தயாரிப்பதும் குறைந்துவிடும். உணவு குறைந்தால் புதிய வேர் விடுவதற்கு வலு இராது. இதனாலேயே நட்ட பின் பல மாதங்கள் கன்று வளராமல் அப்படியே நிற்பது போலத் தோன்றுகின்றது. உண்மையில் அது மண்ணுக்குள்ளே வேரை மீட்டுக்கொண்டிருக்கின்றது. நாம் மேலே பார்த்துக் கவலைப்படுகின்றோம். அதன் வேலை கீழே நடக்கின்றது.

இன்னொரு காரணமும் உண்டு. பைக்குள் இருந்த மண் கட்டி வேறு, சுற்றியுள்ள எமது மணல் வேறு. சுற்றியுள்ள நிலம் ஈரமாக இருந்தும் வேர் இருக்கும் அந்தச் சிறிய மண் கட்டி மட்டும் காய்ந்துபோவதுண்டு. நிலம் நனைந்திருக்கின்றதே என்று நாம் நீர் ஊற்றாமல் விடுவோம். கன்றின் வேரோ இன்னமும் அந்தக் கட்டியை விட்டு வெளியே வந்திராது. புதிய வேர்கள் சுற்று மண்ணுக்குள் இறங்கும் வரை அக்கன்று தன் பையளவு நீரையே நம்பி வாழ்கின்றது என்பதை மனங்கொள்ள வேண்டும்.

எமது மண்ணும் காற்றும்

கடலுக்கும் மேற்கே உள்ள வயல் வட்டைகளுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலேயே எமது ஊர்கள் அமைந்துள்ளன. கடற்பக்கம் மணற்பாங்கு. மணலில் ஊற்றும் நீர் விரைவாகக் கீழே இறங்கிவிடும். பசளையும் அதனுடன் இறங்கிவிடும். வட்டைப் பக்கம் களி கலந்த மண். அங்கே மாரியில் நீர் தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். ஒரே ஊரிலேயே கீழ்ப்பக்கம் கன்று தாகத்தாலும் மேற்பக்கம் கன்று நீரில் மூழ்கியும் சாவதற்கு இதுவே காரணம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றை அறியாதவர் எம்மவரில் எவருமில்லை. மத்திய மலைநாட்டின் மறுபக்கத்திலே மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய வெப்பக் காற்றாக அது எம்மிடம் வருகின்றது. துவைத்துப் போட்ட வேட்டியை அரை மணி நேரத்திற் காயவைக்கும் அக்காற்று, இளங்கன்றின் இலையை மட்டும் விட்டுவைக்குமா?

உவர் மூன்றாவது துன்பம். கடலை அடுத்த வளவுகளில் உப்புக் கலந்த காற்று இலை ஓரங்களைக் கருக்குகின்றது. கோடையிற் சில கிணறுகளின் நீரும் உவர்ப்பாகின்றது. மண்ணில் உப்பு மிகுந்தால், நீர் இருந்தும் வேரினால் அதை இழுக்க முடியாது. 26.12.2004 ஆழிப்பேரலையின் பின்னர் கிணறுகளும் நிலமும் உவராகி, மாரி மழை கழுவிய பின்னரே படிப்படியாகத் தேறிய அனுபவம் எமக்கு உண்டு. மழையே எமது மண்ணுக்கு மருந்து என்பதை அன்று கண்டோம்.

எப்போது நடுவது?

இக்கட்டுரையின் மையப் பொருள் இதுவே. எமது பகுதிக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான காலத்திலேயே கிடைக்கின்றது. அதன் பின் சித்திரையில் இடைக்கிடை பெய்யும் மழை தவிர, புரட்டாதி வரை நீண்ட கோடை. ஆகவே ஐப்பசியில் முதல் மழை பெய்து, மண் ஒரு முழ ஆழம் நனைந்தவுடன் நடப்படும் கன்றுக்கு வேர் விடுவதற்கு மூன்று மாத காலம் கிடைக்கின்றது. வைகாசியில் நடப்படும் கன்றுக்கு ஒரு வாரமும் கிடைப்பதில்லை.

ஆனால் நாம் நடுவது எப்போது? உலக சுற்றாடல் தினம் யூன் 5ஆந் திகதி வருகின்றது. 1972இல் ஐக்கிய நாடுகள் சபை பிரகடனப்படுத்திய நல்ல நாள் அது. கொழும்பிலும் காலியிலும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் காலம் அதுவாகையால் அங்கே அன்று நட்டால் கன்று தழைக்கும். எமக்கோ அது கச்சான் வீசும் காலம். இந்தியாவிலும் இதே சிக்கல் உண்டு. 1950இல் அன்றைய மத்திய அமைச்சர் கே. எம். முன்ஷி தொடக்கி வைத்த வனமகோத்சவம் யூலை முதல் வாரத்தில் நடைபெறுகின்றது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு அது மழைக்காலம். தமிழ்நாட்டின் கீழைக் கரையோரத்திற்கோ எம்மைப் போலவே ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. விழாவின் நாட்காட்டி ஓரிடத்தில் எழுதப்பட்டது. கன்று நிற்பதோ வேறோரிடத்தில்.

ஆலய விழாக்களும் இதில் அடங்கும். வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி செய்கின்றோம். வெப்பமும் வெப்ப நோய்களும் தணிய வேண்டும் என்றே அச்சடங்கு. வெப்பம் தணியப் பாடும் அதே வாரத்தில் வேப்பங்கன்றை வெயிலில் நட்டுவிட்டுச் செல்வது பொருந்துமா? ஆடி அமாவாசைக்குத் திருக்கோவிலில் தீர்த்தமாடி வந்து நடுகின்ற கன்றுக்கும் அதே கதிதான்.

நேர்த்தி வைத்தோர் அந்நாளிற் கன்றைக் கொண்டுவந்து சந்நிதியில் ஒப்படைக்கலாம். ஆலயம் அதைக் கிணற்றடியில் அரை நிழலில் வைத்துப் பராமரித்து, ஐப்பசியில் நடலாம். நேர்த்தியும் நிறைவேறும்; கன்றும் பிழைக்கும்.

வட்டைப் பக்கம் தாழ்ந்த நிலத்தில் வாழ்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் நிற்கும் இடமாயின் ஓரடி உயரத்திற்கு மண்மேடு அமைத்து அதன்மேல் நடுவதே நன்று.

கண்டல் தந்த பாடம்

ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தோம். கரையோரத்தில் மரங்கள் இருந்தால் அலையின் வேகம் தணியும் என்ற எண்ணம் அதன் பின் வலுப்பெற்றது. நாட்டின் கரையோரக் களப்புகளிற் பல அமைப்புகள் கண்டற் கன்றுகளை நட்டன. நோக்கம் உயர்ந்தது, பணமும் உழைப்பும் தாராளமாகச் செலவிடப்பட்டன.

அவற்றின் பலனை ஆய்வாளர்கள் பின்னர் நேரிற் சென்று பார்த்து 2017இல் வெளியிட்டனர். இலங்கையில் 23 இடங்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றுதானும் மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடுகை நடந்தும், வெற்றி கண்டது ஏறக்குறைய 200 ஹெக்டேயர் மட்டுமே. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. காரணங்கள் என்ன? நீர் ஏறி இறங்கும் மட்டத்தைப் பாராமற் பொருந்தா இடத்தில் நட்டமை, இடத்திற்கு ஏற்ற இனத்தைத் தெரிவு செய்யாமை, நட்டபின் பராமரியாமை, கால்நடைகள் மேய்ந்தமை என்பனவே.

இத்தோல்வியிலிருந்து நாடு பாடம் கற்றுக்கொண்டது. எண்ணிக்கைக்காக நடுவதை விட்டு, முதலில் இடத்தின் நீரையும் நிலத்தையும் சீர் செய்து, இயற்கை தானே மீள்வதற்கு வழி விடும் முறை பின்பற்றப்பட்டது. அம்முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலகின் முன்மாதிரி மீளமைப்புப் பணிகளுள் ஒன்றாக ஏற்றுக் கௌரவித்தது. களப்பிற்குப் பொருந்திய இப்பாடம் கோயில் வளவுக்கும் பொருந்தும். இடமும் காலமும் முதலில்; பராமரிப்பு அடுத்து; எண்ணிக்கை கடைசியில்.

நடும் முறை

1. கன்றின் தெரிவு: விழாவில் நடும்போது பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டுமென்று ஆள் உயரக் கன்றை வாங்குவது வழக்கமாகிவிட்டது. சிறிய பையில் உயர்ந்து நிற்கும் கன்றுக்கு இலை அதிகம், வேர் குறைவு. ஒன்றரை, இரண்டு அடி உயரமும் தடித்த தண்டும் கொண்ட கன்றே விரைவில் வேரூன்றும். சில ஆண்டுகளில் அது உயர்ந்த கன்றை எட்டிப் பிடிப்பதும் உண்டு.

2. வெயிலுக்குப் பழக்குதல்: நிழலில் வளர்ந்த கன்றை வாங்கி வந்த அன்றே வெட்டவெளியில் நடக்கூடாது. இரண்டு, மூன்று வாரங்கள் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

3. குழி: ஆழத்தை விட அகலமே முக்கியம். பையின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு அகலமாக வெட்டி, சுற்று மண்ணை இளக்கிவிட வேண்டும். மணல் நிலத்தில் அடியிலே தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலாக அடுக்கி, மேலே மண்ணிட்டால் அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். தென்னை நடுகையில் எம்மவர் நெடுங்காலம் கையாளும் முறை இது. ஆலயத்தில் மட்டைக்குப் பஞ்சமில்லை.

4. பசளை: நன்கு உக்கிய மாட்டெருவை மண்ணுடன் கலக்கலாம். பச்சைச் சாணமும் யூரியாவும் நடும் குழிக்கு ஆகாதவை. வெப்பத்தினாலும் உப்பினாலும் அவை புது வேரைக் கருக்கிவிடும். வேரே இல்லாத கன்றுக்கு ஊட்டம் கொடுப்பது, எழுந்திருக்க முடியாத நோயாளிக்கு விருந்து வைப்பது போன்றது. ஆறு மாதம் கழித்துக் கொடுக்கலாம்.

5. பையை அகற்றுதல்: பொலித்தீன் பையுடன் நடுவோர் இன்றும் உள்ளனர். பையை முழுமையாகக் கிழித்து அகற்ற வேண்டும். உள்ளே வேர் வட்டமாகச் சுற்றியிருப்பின், கூரிய கத்தியினால் மண் கட்டியின் பக்கங்களில் மூன்று, நான்கு கீறல் இட்டுச் சுற்றிய வேரைப் பிரிக்க வேண்டும். பிரிக்காவிட்டால் வேர் அதே வட்டத்திற் சுற்றி, பல ஆண்டுகளின் பின் தன் மரத்தையே நெரிக்கும். பெருங்காற்றில் மரம் அடியோடு சாயும்.

6. மட்டம்: தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடம் நில மட்டத்தில் இருக்க வேண்டும். உறுதியாக நிற்கட்டும் என்று தண்டைப் புதைத்தால் பட்டை அழுகும்.

7. நேரம்: மாலை வேளையே உகந்தது. நட்டவுடன் இரண்டு வாளி நீர் ஊற்றி மண்ணை இருக்கச் செய்ய வேண்டும். காலால் ஓங்கி மிதித்து இறுக்கக் கூடாது.

நட்ட பின் செய்ய வேண்டியவை

நீர்: தினமும் ஒரு செம்பு நீர் தெளிப்பதனால் மேல் மண் மட்டுமே நனையும். வேரும் மேலேயே நிற்கப் பழகி, ஒரு நாள் தவறினாலும் வாடும். ஊற்றும்போது ஆழமாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். எமது மணல் நிலத்துக்கு அடியேன் கைக்கொள்ளும் அளவு இது: முதல் இரண்டு வாரம் மழையில்லா நாட்களில் தினமும் ஒரு வாளி, அதன் பின் தை முடியும் வரை, மழை இல்லையேல் மூன்று நாளைக்கு ஒரு முறை, மாசி முதல் புரட்டாதி வரையான முதற் கோடையில் வாரத்திற்கு இரண்டு, மூன்று தடவை இரண்டு வாளி வீதம், இரண்டாவது கோடையில் வாரம் ஒரு தடவை மூன்று, நான்கு வாளி. களி மண்ணில் இவ்வளவு வேண்டியதில்லை. விரலை மண்ணுள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் பொறுக்கலாம். முதலில் அடியிலும், பின்னர் வேர் பரவப் பரவச் சற்று விலகியும் நீர் ஊற்ற வேண்டும். நாக்கில் உவர்க்கும் நீரை இளங்கன்றுக்கு ஊற்றாதிருப்பதே நலம்.

தினமும் ஊற்ற ஆளில்லாத இடத்தில் மண்குடம் உதவும். வர்ணம் பூசாத சாதாரண மண்குடத்தைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால், நீர் கசிந்து வேருக்குச் சேரும். சீன தேசத்தில் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வேளாண் நூலொன்றிலேயே இம்முறை கூறப்பட்டுள்ளது. குடத்தின் வாயைச் சிரட்டை போன்றவற்றால் இடைவெளியின்றி மூடுவது கட்டாயம்; இல்லையேல் டெங்கு நுளம்பை நாமே வளர்த்தவர்களாவோம்.

நிழல்: முதற் கோடையில் கன்றின் மேற்குப் பக்கத்தில் ஒரு கிடுகைச் சரித்து நிறுத்தினால் பிற்பகல் வெயிலும் கச்சானும் தடைப்படும். நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் அடைக்கத் தேவையில்லை.

மண் மூடல்: விவசாயத் திணைக்களத்தார் பத்திரக்கலவை என்று கூறும் முறை இது. உலர்ந்த இலை, வைக்கோல், தும்பு முதலியவற்றை அடியைச் சுற்றி மூன்று, நான்கு அங்குலத் தடிப்பிற் பரப்ப வேண்டும். தண்டில் முட்டாமல் ஒரு சாண் விட வேண்டும். முட்டினால் பட்டை அழுகும், கறையானும் ஏறும்.

வேலி: கட்டாக்காலி மாடும் ஆடும் ஒரு நாளில் ஓராண்டு உழைப்பைத் தின்றுவிடும். நடும் அன்றே வேலி போட வேண்டும். நாளை போடுவோம் என்பது கன்றை ஆட்டிடம் ஒப்படைப்பதாகும். தாங்குதடி வைப்பின் மெல்லிய துணியால் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் அகற்றிவிட வேண்டும். காற்றில் சற்று அசைந்தால்தான் தண்டு வலுப்பெறும்.

கிளை வெட்டுதல்: நட்டவுடன் இலைகளைப் பெருமளவிற் கழிக்கும் பழக்கம் முன்பு இருந்தது. புது வேருக்கு உணவு தருவது இலையே என்பதால், முறிந்த கிளையை மட்டும் அகற்றுவதே இன்றைய அறிவுரை.

ஆலய வளவுக்கே உரிய ஆபத்துகள்

ஆலய வளவிலே கன்றுக்குச் சில தனித் துன்பங்கள் உண்டு. அவை பக்தியினாலும் துப்புரவினாலும் வருபவை என்பதால் எவரும் கவனிப்பதில்லை.

முதலாவது, கூட்டுதல். வளவைத் தினமும் கூட்டுவது சிறந்த சரியைத் தொண்டு. ஆயினும் கன்றின் அடியையும் சுரண்டிக் கூட்டினால் மண் வெறுமையாகி வேர் வெளியே தெரியும். கன்றைச் சுற்றி மூன்றடி வட்டத்தைத் தும்புத்தடி தொடாத இடமாக விடுங்கள். கூட்டிய குப்பையைக் கன்றின் அருகிற் குவித்து எரிப்பது அதனிலும் கொடியது. அனல் பட்ட பட்டை மீள்வதில்லை.

இரண்டாவது, கட்டுதல். நேர்த்திக்காகக் கட்டும் நூலும் துணியும் தொட்டிலும் முதிர்ந்த மரத்திற்குப் பாரமல்ல. விரல் தடிப்பான கன்றில் இறுகக் கட்டிய நூல், தண்டு பருக்கும்போது பட்டையை வெட்டி உணவோட்டத்தை நிறுத்திவிடும். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு கம்பு நட்டு அதிற் கட்டச் சொல்லலாம். அடியிற் கற்பூரம் கொளுத்துவதும் வேண்டாம். சற்றுத் தள்ளி ஒரு கல் விளக்கு வைத்தால் போதும்.

மூன்றாவது, சீமெந்து. திருப்பணி வேலை நடைபெறும்போது சீமெந்துக் கழிவும் சுண்ணாம்பும் கன்றின் அடியிற் கொட்டப்படுகின்றன. அவை மண்ணின் தன்மையையே மாற்றிவிடும். பின்னர் வீதிக்குக் கல் பதிக்கும்போது தண்டு வரை கல் வைத்துவிடுகின்றோம். மரம் பெருக்கவும் நீர் இறங்கவும் நான்கடிச் சதுரமாவது திறந்த மண் வேண்டும்.

நான்காவது, கழிவு நீர். அன்னதான மடத்திற் சவர்க்காரமும் உப்பும் எண்ணெயும் கலந்து வரும் நீரை இளங்கன்றுக்கு விடக்கூடாது. கால் கழுவும் வெறும் நீரை விடலாம்.

எந்த மரம்?

கடற்பக்க மணலுக்குப் புன்னையும் பூவரசும் உகந்தவை. உப்புக் காற்றையும் தாங்குபவை. வேம்பு வரட்சியைத் தாங்கும். ஆனால் நீர் தேங்கினால் தாங்காது. வில்வமும் கொன்றையும் பூசைக்கு ஆகும். கடலிலிருந்து சற்று உள்ளே நடலாம். மருது ஆற்றங்கரை மரம். ஆதலால் ஈரம் நிற்கும் வட்டைப் பக்கமே அதற்கு உரியது. அரசும் ஆலும் புனிதமானவை எனினும் மதிலுக்கும் விமானத்திற்கும் அருகில் நடலாகாது. கோபுர இடுக்கில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கப் படும் பாட்டை நாமறிவோம்.

இலை உதிர்ந்தாற் பிடுங்காதீர்கள்

நட்ட சில வாரங்களில் இலைகள் பழுத்து உதிர்ந்தால் கன்று செத்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். செலவைக் குறைக்க அது இலையை உதிர்த்திருக்கலாம். நகத்தினால் தண்டின் பட்டையைச் சிறிது கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் உண்டு. நுனி காய்ந்தும் அடி பச்சையாக இருப்பின் காய்ந்த பகுதியை வெட்டிவிட்டுக் காத்திருக்கலாம். வாடிய கன்றைக் கண்டவுடன் பசளையிடுவது தவறு. முதலில் மண்ணைத் தோண்டி ஈரத்தைப் பார்க்க வேண்டும். நீர் மிகுந்தாலும் கன்று வாடும், குறைந்தாலும் வாடும். காய்ந்து வாடிய இலை மொறுமொறுப்பாக இருக்கும். நீர் மிகுந்து வாடிய இலை மஞ்சளாகித் துவண்டு தொங்கும்.

பொறுப்பு யாருடையது?

“மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்” என்று நம்மவர் ஆறுதல் கூறுவதுண்டு. அது இறைவனின் கருணையைச் சொல்லும் வார்த்தை. ஆனால் ஆலய வளவிலே மரம் வைத்தவர்கள் நாம்தான். ஆகவே தண்ணீர் ஊற்றும் கடமையும் நமதே.

எமது பகுதி ஆலயங்களில் திருவிழா நாட்களைக் குடி வழியாகப் பொறுப்பேற்று நடத்தும் மரபு இன்றும் நிலைத்திருக்கின்றது. இன்ன நாள் இன்ன குடிக்கு உரியது என்றால் அந்நாள் ஒருபோதும் தவறுவதில்லை. ஏனெனில் தவறினால் அக்குடிக்கே குறை. கன்றுகளுக்கும் இம்மரபை நீட்டினால் என்ன? ஒவ்வொரு குடியும் ஒரு கன்றை இரண்டு கோடைகளுக்கு மட்டும் பொறுப்பேற்கட்டும். அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் ஞாயிறு தோறும் ஒரு வாளி நீருடன் துணை நிற்கட்டும். இரண்டு கோடை கடந்த மரம் பெரும்பாலும் தன் வேரினாலேயே நீர் தேடிக்கொள்ளும்.

இத்துடன் ஆலயத்தில் ஒரு கன்றுப் பதிவேடு வைக்கப்படல் வேண்டும் என்பது அடியேனின் பணிவான முன்மொழிவு. கன்றின் இனம், நட்ட திகதி, உபயகாரர், நீர் ஊற்றும் பொறுப்பாளர் என்பவற்றோடு, தை, வைகாசி, புரட்டாதி ஆகிய மூன்று மாதங்களிலும் அதன் நிலையை எழுத ஒரு நிரல் இருக்க வேண்டும். கோடைக்கு முன் ஒரு முறை, நடுக் கோடையில் ஒரு முறை, கோடை முடிவில் ஒரு முறை. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கும்போது இதையும் வாசிப்போம். நட்டவை எத்தனை என்றல்ல, நிற்பவை எத்தனை என்று. நூறு கன்று நட்டு ஐந்து நிற்பதிலும், ஆறு கன்று நட்டு ஐந்து நிற்பது மேலானது. குழி வெட்டிய உழைப்பும் மிச்சம். ஓர் உயிரைக் கொண்டுவந்து வெயிலில் விட்ட பழியும் இல்லை.

கோயில் வளவுக்கும் அயலூர்ப் பள்ளிவாசல் வளவுக்கும் மண் ஒன்று, கச்சானும் ஒன்று. இங்கே பலித்த முறை அங்கும் பலிக்கும். ஓர் ஆலயம் பழக்கத்திற் கொண்டுவந்தால் அது ஊர் ஊராகப் பரவும். மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் பெயர் தந்த மரங்களைப் போன்று, எமது பேரப் பிள்ளைகள் அடையாளம் சொல்லத்தக்க மரமொன்றையேனும் இவ்வளவில் நிலைநிறுத்துவோமாக.

எதிர்வரும் ஐப்பசி முதல் மழைக்கு ஆலயக் கிணற்றடியிற் கன்றுகள் ஆயத்தமாக இருக்கும். குடிக்கு ஒருவர் வாளியுடன் வருமாறு அன்புடன் அழைக்கின்றோம். அம்பாளின் திருவருள் கன்றுகளுக்கும் அவற்றைக் காக்கும் கரங்களுக்கும் என்றும் துணை நிற்பதாக.

சுபம்.